சான்றிதழ் காலாவதியாகும் முன்: வெளிநாட்டில் படித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் நாம் செய்யக்கூடிய உதவி

வணக்கம். ஒரு நாட்டில் மருத்துவராகவோ செவிலியராகவோ பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இன்னொரு நாட்டில் குடியேறிய பிறகு அதே தொழிலுக்குத் திரும்ப முடியாமல் காத்திருப்பவர்களுக்கு, அவர்கள் அருகில் இருக்கும் நாம் எப்படி உதவலாம் என்பதைப் பற்றி இந்தக் காணொளியில் பேசப்போகிறேன். நானும் அப்படிக் காத்திருந்த ஒரு செவிலியர்தான். இப்போது பணியில் இருக்கிறேன். ஓய்வு நாட்களில், இதே பாதையில் வருகிறவர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். அப்படிப் பார்த்த வரையில், இவர்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் தேதிகள்தான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

பிரிட்டனில் பதிவு செய்ய விரும்பும் ஒரு மருத்துவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்னும் ஆங்கிலத் தேர்வில் பெற்ற மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். முன்பு பணியாற்றிய நாட்டின் மருத்துவக் கவுன்சில், இவர் மீது நடவடிக்கை எதுவும் இல்லை என்று தரும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழோ மூன்று மாதங்களுக்கு மட்டுமே ஏற்கப்படும். பட்டத்தின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கும் வேலையை அமெரிக்காவில் 1956இல் உருவான ஈ.சி.எஃப்.எம்.ஜி. என்ற அமைப்பின் எபிக் சேவை செய்கிறது. அது விண்ணப்பதாரர் அனுப்பும் நகலை நம்பாமல், படித்த பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கேட்டு உறுதிசெய்கிறது. அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்தில் யாரோ ஒருவர் மின்னஞ்சலைத் திறந்து பதில் எழுதும் வரை எல்லாம் நின்றுவிடும். முதலாவது இரண்டு ஆண்டுகளில் முடிகிறது, இரண்டாவது மூன்று மாதங்களில் முடிகிறது, மூன்றாவது எப்போது முடியும் என்று எவருக்கும் தெரியாது. இவை மூன்றும் ஒரே வாரத்தில் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் விண்ணப்பத்தின் உண்மையான கடினம்.

என் கதையும் இதுதான். மொழித் தேர்வை முதலிலேயே எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தேன். நான் முன்பு பணிபுரிந்த இடத்திலிருந்து வரவேண்டிய ஒரு கடிதம் மாதக்கணக்கில் தாமதமானது. அது வந்து சேர்ந்தபோது என் மதிப்பெண் காலாவதியாகியிருந்தது. எனவே இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தத் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்பதை அல்ல. பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டீர்களா என்பதைத்தான். மெதுவாக நகர்வதை முதலில் தொடங்கி, விரைவில் காலாவதியாவதைக் கடைசியில் கேட்டுப் பெறுவது நல்லது. ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு கோடு வரைந்து, அது தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் குறித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இந்த வேலைக்கு மருத்துவ அறிவு தேவையில்லை. நண்பரோ, வாழ்க்கைத்துணையோ, பள்ளி செல்லும் பிள்ளையோ செய்து கொடுக்கலாம். கடவுச்சீட்டிலும் பட்டத்திலும் பதிவுச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் அவர்களே பார்த்துவிடலாம். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர்களின் விண்ணப்பம் இந்த ஓர் இடத்தில் சிக்கிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

போரினாலோ துன்புறுத்தலினாலோ தப்பி வந்தவர்களின் நிலை வேறு. தன் பழைய கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவதே தன் குடும்பத்துக்கு ஆபத்து என்று அஞ்சும் ஒரு மருத்துவரிடம், 'விதிப்படி எழுதுங்கள்' என்று சொல்வது உதவி ஆகாது. இத்தகையவர்களுக்கென்றே பிரிட்டனின் சால்ஃபோர்டில் ரீச் என்ற மையம் இருக்கிறது. அமெரிக்காவில், சான்ஃபிரான்சிஸ்கோவில் 2001இல் தொடங்கிய வெல்கம் பேக் என்ற முயற்சி, வெளிநாட்டில் படித்த எல்லாச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் ஆலோசனை தருகிறது. இப்படியோர் அமைப்பு அருகில் இருக்கிறதா என்று தேடிக் கொடுப்பதே சில நேரங்களில் நாம் செய்யக்கூடிய மிகப்பெரிய காரியமாக இருக்கும்.

அடுத்ததாக, இனிமையாகச் சொல்ல முடியாத ஒரு விஷயம். நமக்கு முன்னால் தேறிப் போனவர்களின் அறிவுரை பல நேரங்களில் பழையதாகிவிட்டிருக்கும். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் நோயாளிபோல் நடிப்பவரைப் பரிசோதித்துக் காட்ட வேண்டிய பகுதி 2021இல் கைவிடப்பட்டது. முதல் கட்டத் தேர்வுக்கு 2022 முதல் மதிப்பெண் இல்லை, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே. அங்கே செவிலியர் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வு 2023 ஏப்ரலில் புதிய வடிவம் பெற்றது. இப்போது அதில் குறைந்தது 85 கேள்விகளும் அதிகபட்சம் 150 கேள்விகளும் வரும். எழுதுகிறவரின் விடைகளைப் பொறுத்துக் கணினி எங்கு வேண்டுமானாலும் நிறுத்தும். 85இல் நின்றுவிட்டதே என்று அழுதுகொண்டே வெளியே வந்து, பிறகு தேறியிருப்பதை அறிந்தவர்கள் உண்டு. தேர்வுகள் இப்படி மாறுவதற்கு முன்பு எழுதிய அக்காவோ அண்ணனோ அன்போடுதான் சொல்வார்கள். ஆனாலும் ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் அதே செய்தியை ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே நம்புங்கள்.

இதைவிடக் கவலைக்குரியது, காத்திருக்கும் காலத்தில் கை பழக்கம் விட்டுப்போவது. ஆஸ்திரேலியாவில் ஒரு செவிலியர் கடந்த ஐந்து ஆண்டுகளில் 450 மணி நேரமாவது பணி செய்திருக்க வேண்டும் என்பது விதி. பிரிட்டனில் செவிலியர் பதிவைப் புதுப்பிக்க, மூன்று ஆண்டுகளில் 450 மணி நேரம் காட்ட வேண்டும். நோயாளியின் பாதுகாப்புக்காக வகுக்கப்பட்ட நியாயமான விதிகள்தாம் இவை. எனக்கு அவற்றோடு சண்டையில்லை. ஆனால் ஆவணம் வரவில்லை என்பதால் வேலை செய்ய முடியாது, வேலை செய்யாததால் மணிநேரம் குறைகிறது, மணிநேரம் குறைந்ததால் கூடுதல் பயிற்சி கேட்கிறார்கள் என்ற சுழலில் ஒருவர் மாட்டிக்கொண்டால், அவருடைய பதினைந்து ஆண்டு அனுபவம் கண் முன்னால் கரையத் தொடங்கும்.

ஜெர்மனி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. முழு உரிமம் வருவதற்கு முன்பே மருத்துவர்களுக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் வரை தற்காலிகப் பணி அனுமதி கொடுக்கலாம். அந்தக் காலத்தில் மற்றவர்களின் மேற்பார்வையில் வேலை செய்துகொண்டே இறுதித் தேர்வுக்குத் தயாராகலாம். அமெரிக்காவின் டென்னசி மாநிலமும், அனுபவம் உள்ள வெளிநாட்டு மருத்துவர்கள் சிறப்புப் பயிற்சிக் காலத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்காமல் இடைக்கால உரிமம் பெற வழிசெய்யும் சட்டத்தை 2023இல் இயற்றியது. பிறகு வேறு மாநிலங்களும் அதே வழியில் சென்றன. இத்தகைய வழி இல்லாத இடத்தில் பலரும் பராமரிப்பு உதவியாளராகச் சேர்கிறார்கள். நானும் சேர்ந்தேன். வார்டு எப்படி இயங்குகிறது, பணி மாறும்போது எதைச் சொல்ல வேண்டும், மருத்துவரை எப்படி அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கேதான் கற்றேன். ஆனால் அந்த மணிநேரம் செவிலியராகச் செய்த பணியாகப் பொதுவாகக் கணக்கில் வராது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இரவுப் பணி முடித்து வந்தவரால் புத்தகத்தைத் திறக்க முடியாது என்பதும் உண்மை. ஆறு மாதத்துக்கு என்று எடுத்த வேலை ஐந்து ஆண்டுகளாக நீண்டுவிட்ட ஒரு மயக்கவியல் நிபுணரை எனக்குத் தெரியும். வேலையில் சேரும் நாளிலேயே தேர்வுத் தேதியையும் பதிவு செய்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படி உதவுவது ஏழை நாடுகளின் மருத்துவர்களைப் பறிப்பதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு 2010இல் இதற்கென ஒரு நடத்தை விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டது. பணியாளர் பற்றாக்குறை கடுமையாக உள்ள 55 நாடுகளின் பட்டியலை 2023இல் வெளியிட்டது. அங்கிருந்து திட்டமிட்டு ஆள் சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. தானாக இடம்பெயரும் தனிமனிதரை அது தடுக்கவில்லை. ஏற்கெனவே வந்துவிட்ட ஓர் அறுவை மருத்துவர் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தால் எந்த நாட்டுக்கும் லாபமில்லை.

கடைசியாக, பேச்சுத் தேர்வு. வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குப் பிரிட்டன் நடத்தும் பிளாப் தேர்வின் இரண்டாம் கட்டத்தில் 16 சூழல்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிடங்கள். ஜெர்மனியின் மருத்துவ மொழித் தேர்வில் நோயாளியோடு இருபது நிமிடங்கள், அதை எழுதுவதற்கு இருபது நிமிடங்கள், பிறகு இன்னொரு மருத்துவரிடம் அந்த நோயாளியைப் பற்றிச் சொல்வதற்கு இருபது நிமிடங்கள். மருத்துவம் நன்கு அறிந்தவர்கள் இவற்றில் தடுமாறுகிறார்கள். நோயாளி இருக்கும்போதே உறவினரைப் பார்த்துப் பேசுவது, 'உங்களுக்கு எது கவலையாக இருக்கிறது' என்று கேட்காமலே முடிவைச் சொல்லிவிடுவது போன்றவை, பழைய பணியிடத்தில் யாரும் குறையாக எண்ணாத பழக்கங்கள். புத்தகத்தால் இவற்றை மாற்ற முடியாது. எதிரே உட்கார ஒரு மனிதர் வேண்டும். நீங்கள் மருத்துவராக இல்லாவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் உங்களுக்குப் புரியாத சொல் வந்தால் உங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

நோயாளியாக நடிக்க முன்வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் கேள்விக்கே எல்லா விவரங்களையும் கொட்டிவிடாதீர்கள். நெஞ்சுவலி என்று வந்தவர், தன் தந்தை அதே வலியால் இறந்ததைச் சரியாகக் கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டும். ஒரு முறையாவது கோபப்படுங்கள், ஒரு முறையாவது பேசாமல் தலை குனிந்திருங்கள். கைப்பேசியில் எட்டு நிமிடம் வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் வாக்கியம் பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள்.