பதறாத காரியம் சிதறாது

மேடையை அலங்கரிக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, கேட்டவுடன் மண்டபத்தைத் திறந்துவிட்ட நூலகர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரே, நோட்டும் பேனாவுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிளஸ் டூ செல்வங்களே, வணக்கம்!

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அந்தப் பதற்றம் உடம்பில் எங்கே பிறக்கிறது? அதைக் கிளப்பும் ரசாயனம், அடக்கும் ரசாயனம், தூக்கம் செய்யும் வேலை என்று மூன்று செய்தி சொல்ல வந்திருக்கிறேன்.

மூளையின் அடியில் இருக்கிறது ஹைப்போதலாமஸ். மூளைத்தண்டிலிருந்து நார்அட்ரினலின் என்ற ரசாயனம் வந்து தூண்டினால், அங்குள்ள நரம்பணுக்கள் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடும். அது பிட்யூட்டரி சுரப்பியிடம் ஏ.சி.டி.எச். என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும். அது ரத்தத்தில் ஓடிப்போய், சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியை எட்டியதும், பதற்ற நேரத்து ஹார்மோனான கார்டிசால் சுரக்கும். குளூட்டமேட் என்ற மூளை ரசாயனமும் இப்படித் தூண்டுகிற கட்சிதான். காபா என்ற ரசாயனம் எதிர்க்கட்சி. சும்மா இருக்கும் நேரமெல்லாம் அந்த நரம்பணுக்களை அடக்கி வைத்திருப்பது அதுதான்.

இந்த சி.ஆர்.எச்.சைக் கண்டுபிடித்த கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் கில்மான், ஷாலி என்று இரண்டு விஞ்ஞானிகள். ஹூஸ்டனில் ஒரே ஆய்வகத்தில் சேர்ந்து தேடினார்கள், கிடைக்கவில்லை. 1962இல் பிரிந்தார்கள். அதன்பின் அவர் ஆட்டு மூளை, இவர் பன்றி மூளை! இறைச்சிக்கூடங்களிலிருந்து லட்சக்கணக்கில் வாங்கி அரைத்தார்கள், வடித்தார்கள். போட்டி போட்டு வேறு ஹார்மோன்களைக் கண்டுபிடித்து, 1977இல் இருவருமே நோபல் பரிசு வாங்கினார்கள். ஆனால் முதலில் தேடப் புறப்பட்ட பொருள் மட்டும் அகப்படவில்லை! 1981இல் கில்மானின் மாணவர் வைலி வேல்தான் தம் குழுவோடு அதைப் பிரித்தெடுத்தார். 41 அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு சங்கிலி. கால் நூற்றாண்டுத் தேடல் அம்மா! பதறாத காரியம் சிதறாது.

இப்போது நம் பிள்ளைகளுக்கு வருகிறேன். கார்டிசால் முன்னிரவுத் தூக்கத்தில் அடிமட்டத்துக்கு இறங்கி, விடியலை ஒட்டி ஏறும். தூக்கத்தைப் பறித்தால், மறுநாள் மாலை இறங்க வேண்டியது இறங்காமல் நிற்கும். அப்படியிருக்க, இரவு பதினொரு மணிவரை ஸ்டடி, விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று வைத்தால் எந்தப் பிள்ளைக்கு மனசு நிற்கும்? தலைமையாசிரியை அம்மா அவர்களே, உங்கள் அக்கறையை நான் அறிவேன். அந்த அக்கறையை நம்பித்தான் கேட்கிறேன்: ஏழு மணிக்கு முன் வகுப்பு வேண்டாம். இதற்கான மனுவை வாசலில் வைத்திருக்கிறோம். பெற்றோர்கள் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.