பிரேம் போட வரும் படங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இருபது வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறேன். பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம் எல்லாம் உண்டு. ஆனால் எங்களிடம் மிகுந்த அவசரத்தோடு வருகிறவர்கள், வீட்டில் ஒருவர் தவறிப்போனதும் மாலை போட ஒரு படம் தேடி வருகிறவர்கள்தான். கையில் போன் மட்டும் இருக்கும்.

போன ஆடியில் ஒரு தம்பி வந்தார். அம்மா காலமாகிவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குள் 12-க்கு 15 அங்குல அளவில் படம் வேண்டும். அவரிடம் இருந்தது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்ட காதுகுத்துப் படம். பதினான்கு பேர் நிற்கிறார்கள், அம்மா பின்வரிசையில். முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். கண்ணும் புருவமும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக ஒரு வெளிறிய திட்டு. “இவ்வளவுதான் வருமாண்ணே?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

படத்தை எடுத்தது யார் என்று விசாரித்தோம். அவருடைய அக்கா மகள், திருப்பூரில் இருக்கிறாள். நல்ல வேளை, அவள் அதை அழிக்கவில்லை. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னேன். அதே படம், அதே நொடி. இந்தத் தடவை மூக்குத்தியில் கல் தெரிந்தது. அம்மா யாரையோ பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்ததும் தெரிந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? 12 மெகாபிக்சலில் எடுத்த படத்தில் 4000-க்கு 3000 புள்ளிகள் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, ஏறக்குறைய 1600-க்கு 1200 ஆகச் சுருங்கிவிடும். ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அச்சில் ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் அழகாக வரும். அந்தக் கணக்கில் 1600 புள்ளி ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் காணும். அதிலும் பின்வரிசை முகம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான். போன் திரையில் பார்க்கும்போது இது எதுவும் தெரியாது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

இன்னொன்று. பார்வேர்டு செய்யச் செய்யப் படம் கெடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியே பார்வேர்டு செய்தால் ஒன்றும் ஆகாது. ஸ்டேட்டஸிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுபடி ஏற்றும்போதுதான் இன்னும் கெடுகிறது.

2023-லிருந்து ‘எச்டி’ என்று ஒரு பொத்தான் வந்திருக்கிறது. பரவாயில்லை, ஆனால் அதிலும் கொஞ்சம் சுருக்கம் உண்டு. வைத்துக்கொள்ள வேண்டிய படம் என்றால், இணைக்கும் குறியைத் தொட்டு, கேலரிக்குப் பதிலாக டாக்குமென்ட் வழியாக அனுப்புங்கள். எடுத்தது எடுத்தபடி போகும். லொகேஷன் போட்டு எடுத்திருந்தால் எடுத்த இடமும் அதோடு சேர்ந்து போகும், ஆகவே அறிமுகமில்லாதவர்களுக்கு இப்படி அனுப்ப வேண்டாம்.

போன் நிறைந்துவிட்டது என்று முதலில் ஒரிஜினலைத்தான் அழிக்கிறோம், குரூப்பில்தான் இருக்கிறதே என்கிற தைரியத்தில். கூகுள் போட்டோஸில் 15 ஜிபி இலவசம், ஜிமெயிலும் டிரைவும் அதற்குள்ளேயே. அது போதாவிட்டால் ஒரு பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு அப்புறம் அழியுங்கள்.

சரி, எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல போன்களில் பியூட்டி மோட் தானாகவே போட்டிருக்கும். அது பாட்டியின் சுருக்கத்தை வழித்து எடுத்துவிடும், சில சமயம் கன்னத்து மச்சத்தையும். பிறகு பிரேமைப் பார்த்து, “எங்க ஆத்தா மாதிரியே இல்லையே” என்பார்கள். அதை அணைத்துவிடுங்கள். காலை வேளையில் வாசற்படிக்கு உள்பக்கம், வெளிச்சத்தைப் பார்த்தபடி பாட்டியை உட்கார வையுங்கள். பிளாஷ் வேண்டாம். ஜூம் பண்ணாமல் நீங்களே இரண்டடி கிட்டப் போங்கள். போனை அவர் கண் உயரத்துக்கு இறக்குங்கள். உடனே எடுக்காமல் ஏதாவது பேச்சுக் கொடுங்கள், பழைய கதை எதையாவது கேளுங்கள். கேமராவை மறந்து அவர் பேச ஆரம்பிக்கும்போது அழுத்துங்கள்.

நன்றி, வணக்கம்.