நடுவர் அவர்களே, கறியில் உப்பு இல்லை

(தலைப்பு: ‘கடனிலிருந்து மனிதனை மீட்பது வங்கியும் சட்டமுமா, சொந்தமும் ஊருமா?’ மதுரையில் நடந்த பட்டிமன்றத்தில் ‘சொந்தமும் ஊருமே’ அணிக்காகப் பேசியது.)

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிக்கும், மதுரை மக்களுக்கும் வணக்கம். மீதி வணக்கத்தை எங்கள் அணித் தலைவர் எனக்கும் சேர்த்தே வைத்துவிட்டார்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்து, மேலாளராக ஓய்வு பெற்றவர். போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னார். “பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்று ஒன்று நடத்துகிறார்கள். ஆட்டை வெட்டி ஊரைக் கூப்பிட்டு, ஒரு கடன்காரனை அடைக்க ஐந்நூறு கடன்காரனைச் சம்பாதிக்கிறார்கள். அதற்குப் பேர் உதவியா? கறிசோற்றுக் கடன்!” என்றார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே, நான் எழுதி வைத்திருந்த பேச்சை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுவிட்டேன். நான் பேராவூரணிக்காரி. இன்றைக்கு எனக்கு இந்தக் கறிசோறு ஒன்றே போதும்.

மதுரைக்கு மொய்யைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மைக் வைத்து அறிவிக்கிற ஊர். ஆனால் உங்களுக்கு மொய் வாங்க ஒரு கல்யாணம் வேண்டும், ஒரு காதுகுத்து வேண்டும். எங்கள் பக்கம் குத்துவதற்குக் காதே இல்லாவிட்டாலும் மொய் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். கல்யாணம் நடக்காத மாதம், மண்டபமும் சமையல்காரரும் சும்மா இருக்கிற நேரம். நாலைந்து பேர் சேர்ந்து பந்தல் செலவையும் ஆட்டுச் செலவையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு. நாம் முன்னால் போட்ட மொய் திரும்பி வந்தால் அது பழைய நடை. அதற்கு மேல் கூட்டிப் போட்டாலோ, புதிதாக ஒருவர் போட்டாலோ அது புது நடை. திருப்பிச் செய்ய வேண்டியது அவர்கள் வீட்டு விருந்தில். அதற்கு நாலைந்து வருடம் ஆகும்.

ஆமாம் ஐயா, திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஐந்நூறு பேரும் ஒரே நாளில் வந்து கதவைத் தட்டமாட்டார்கள். ஒவ்வொருவராகப் பத்திரிகை வைத்து, சாப்பாடு போட்டுத்தான் கேட்பார்கள். முப்பது வருட சர்வீஸில் நீங்கள் எந்தக் கடன்காரருக்காவது இலை போட்டிருக்கிறீர்களா? இன்னொன்று, எங்கள் பக்கத்துப் பெரிய விருந்துகளில் பணம் எண்ணும் இயந்திரத்தோடு வங்கிக்காரர்களே வந்து உட்கார்ந்த செய்தி பத்திரிகையில் வந்தது. நாங்கள் வங்கிக்குப் போனால் நாளைக்கு வாருங்கள். நாங்கள் ஆடு வெட்டினால் அன்றைக்கே வருகிறீர்கள்.

சரி, எங்கள் சித்தப்பா கதைக்கு வருகிறேன்.

தென்னந்தோப்புக்காரர். தண்ணீருக்காக இரண்டு தடவை போர் போட்டார். முதல் தடவை புகை வந்தது, இரண்டாவது தடவை அதுவும் வரவில்லை. வங்கி அவரைக் கைவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். சித்தியின் கழுத்தில் நகை இருந்தவரைக்கும் கொடுத்தது. நகை தீர்ந்த பிறகு சிபில் ஸ்கோர் பார்த்தார்கள், கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்பதற்குப் போடுகிற மார்க். அது 300-இல் ஆரம்பித்து 900 வரை போகுமாம், 750-க்கு மேல் இருந்தால் நல்லதாம். எங்கள் சித்தப்பா பத்தாம் வகுப்பில் மொத்தமாகவே அவ்வளவு மார்க் எடுத்ததில்லை.

அப்புறம் பத்து வட்டிக்குப் போனார். ஒரு லட்சத்துக்கு மாதம் 10,000. மூன்று வருடத்தில் 3,60,000 ரூபாய் வட்டி கட்டியாயிற்று, அசல் ஒரு லட்சம் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. எதிரணி அம்மா சொன்னார், 2003-இலேயே சட்டம் வந்துவிட்டதாம். உண்மைதான். நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று வகை பிரித்துத் தடுத்திருக்கிறார்கள். ஆனால் புகார் எழுதிக் கொடுக்க வேண்டியவர் சித்தப்பா. வட்டிக்காரர் இருப்பது நாலாவது வீடு. சட்டம் சென்னையில் இருக்கிறது.

2015 ஆடியில் ஆறு பேரோடு சேர்ந்து சித்தப்பாவும் விருந்து வைத்தார். இப்போதுதான் கதையே.

பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் உண்டு. முறைக்கு எங்களுக்கு மாமா. அவருக்கும் சித்தப்பாவுக்கும் பதினொரு வருடமாகப் பேச்சு கிடையாது. காரணம், வரப்பின் மேல் நின்ற ஒரு தென்னை. அதன் காய் யாருக்கு? இவர் பக்கம் விழுந்தால் இவருக்கு, அவர் பக்கம் விழுந்தால் அவருக்கு என்று பஞ்சாயத்தில் தீர்ப்பானது. நடுவர்கள் எல்லாருமே இப்படித்தான், கோபப்படாதீர்கள். அன்றையிலிருந்து இரண்டு பேரும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே பதினொரு வருடத்தைக் கழித்தார்கள்.

அந்த மாமா விருந்துக்கு வருகிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பந்தல் அமைதியாகிவிட்டது. நேராக மேசைக்குப் போனார். பத்தாயிரம் ரூபாயை எண்ணி வைத்தார். எழுதுகிறவர் பேனாவை எடுக்கவே இல்லை, கை ஓடவில்லை. “புது நடைன்னு எழுதுப்பா” என்றார். பந்தியில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், கை கழுவினார். சித்தப்பாவுக்கு நேரே வந்து நின்றார். சித்தி முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். பதினொரு வருடம், நடுவர் அவர்களே! மாமா வாயைத் திறந்தார்.

“கறியில உப்பு இல்ல.”

போய்விட்டார்!

சித்தப்பா மொய் எவ்வளவு என்று கேட்கவில்லை. அடுப்படிக்கு ஓடினார். சமையல்காரர் ருசி பார்த்தார், உப்பு இருக்கிறது. சித்தப்பா பார்த்தார், இருக்கிறது. என் அப்பா பார்த்தார், இருக்கிறது. நான் பார்த்தேன், இருக்கிறது. பார்த்துப் பார்த்தே ஒரு குண்டான் காலி. இதில் சித்தி சொல்கிற கதை தனி: “உப்பு இல்லன்னு சொன்ன மனுசன் மூணு தடவ கறி வாங்கினாரு, நாந்தான் பரிமாறினேன்.” சமையல்காரர் சொல்கிற கதை வேறு: அவர் அன்றையிலிருந்து எங்கள் ஊர் விருந்துக்கு உப்பைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறார்.

ஏன் அப்படிச் சொன்னார்? பதினொரு வருடம் பேசாத மனிதர் திடீரென்று “நல்லா இருக்கியா” என்று எப்படிக் கேட்பார்? வாய்க்கு எட்டிய ஒரு சொல் வேண்டும். உப்பு எட்டியது. அதை எடுத்துப் போட்டார்.

அன்றைக்கு வந்த மொய்யில் பத்து வட்டி அடைந்தது. சித்தியின் நகையும் வீட்டுக்கு வந்தது. ஐயா, நகை மீட்ட ரசீது உங்கள் வங்கியினுடையதுதான். பணம் ஊருடையது.

மகளிர் குழுக் கடனையும் எதிரணி தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். 1989-இல் தருமபுரியில் அந்தக் குழுக்கள் தொடங்கியபோதும் சரி, இன்றைக்கும் சரி, அதில் ஜாமீன் எது? வீடா, நிலமா? பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாய்ச்சொல். இதற்கு மேல் அதை நான் விரிக்கப்போவதில்லை, மாமா காத்திருக்கிறார்.

2018 நவம்பர் 16, விடியற்காலை. கஜா புயல். டெல்டாக்காரர்கள் யாராவது இருந்தால் தெரியும், அந்தத் தேதியைச் சொன்னாலே எங்களுக்குத் தொண்டை அடைக்கும். விடிந்து பார்த்தால் தோப்பு இல்லை. பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள் வரிசையாகப் படுத்துக் கிடக்கின்றன. அந்த வரப்புத் தென்னையும் விழுந்தது. எந்தப் பக்கம் தெரியுமா? இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, வரப்பின் மேலேயே நீளவாக்கில் படுத்துக்கொண்டது. இரண்டு பேரும் அதன் மேல் உட்கார்ந்து அழுதார்கள்.

மறுவருடம் ஆவணியில் மாமா விருந்து வைத்தார். அவருக்கும் கன்று வைக்கப் பணம் வேண்டுமே. சித்தப்பா செய்ய வேண்டியது பத்தாயிரமும் அதற்கு மேலும். கையில் நூறு ரூபாய்கூட இல்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது? விருந்தன்று காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே படுத்திருந்தார். ஒலிபெருக்கிப் பாட்டு வீட்டுக்குள் கேட்கிறது.

மத்தியானம் மூன்று மணிக்குக் கதவைத் தட்டுகிற சத்தம். கடன்காரர்தான், ஐயா! நீங்கள் சொன்ன ஐந்நூறு பேரில் ஒருத்தர். கையில் நோட்டு இல்லை. தூக்குவாளி.

“நீ வரலன்னா என்ன, கறி வரக்கூடாதா?” என்றார் மாமா. இலையை அவரே விரித்தார். “நோட்டுல உன் பேரு இல்லாம இருக்கக்கூடாது மாப்ள. ஒத்த ரூபா எழுதச் சொல்லியிருக்கேன். அத மட்டும் குடு.”

சித்தி சாமி மாடத்திலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் கொடுத்தார். மாமா அதை வாங்கி வேட்டியில் முடிந்துகொண்டார். இந்த ஒரு ரூபாய்க்கு என்ன வட்டி, எந்த ஸ்கோர் என்று எதிரணி ஐயா கணக்குப் போட்டுச் சொல்லட்டும். எனக்குக் கணக்கு வராது.

சித்தப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மாமா எதிரே குத்த வைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்:

“உப்பு இருக்கா மாப்ள?”

சித்தப்பா கண்ணைத் துடைக்கவில்லை. இலையைப் பார்த்தபடியே சொன்னார்:

“கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு.”

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. நான் உட்கார்ந்துகொள்கிறேன்.