பால் சீட்டும் சயின்டிஸ்ட்டும்

நேயர்களுக்கு வணக்கம். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் விடியக்காலையில் பால் சொசைட்டிக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். பாலை ஊற்றியதும் மெஷின் ஃபேட்டும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) காட்டும், கம்ப்யூட்டர் விலை போட்டுச் சீட்டை நீட்டும். அந்த விலை போடும் ஃபங்ஷனை, அதாவது அந்த ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, எழுதியவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ! அதை மாற்றி எழுதச் சொன்னால் எந்தப் புரோகிராமருக்கும் வயிற்றைக் கலக்கும். லிட்டருக்குப் பத்துப் பைசா குறைந்தாலும் மறுநாள் கேனோடு வந்து கேட்பார்களே.

இந்தப் பயத்துக்கென்றே, புரோகிராமர்கள் நிரல்களைப் போட்டுவைக்கும் தளமான கிட்ஹப்பை நடத்தும் நிறுவனம், ரூபி என்ற நிரல் மொழியில் ஒரு லைப்ரரி, அதாவது எடுத்துப் பயன்படுத்தத் தயாரான நிரல் தொகுப்பு, செய்தது. பெயர் சயின்டிஸ்ட், 1.0 பதிப்பு 2016இல் வந்தது. யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் தங்கள் அனுமதி நிரலை மாற்றும்போது அவர்களே பயன்படுத்தியதுதான். பழைய நிரலை 'யூஸ்' பகுதியில் வைப்போம், புதியதை 'டிரை' பகுதியில். இரண்டும் ஓடும். எது முந்தி என்பதைக்கூடக் குலுக்கிப் போட்டே எடுக்கும். விடையையும் பிடித்த நேரத்தையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளும். புதியது நடுவில் விழுந்தாலும் வெளியே தெரியாது. திரும்பி வருவது எப்போதும் பழைய விடைதான்.

புதிய நிரலைச் சோதிக்க டெஸ்ட் எழுதினால் போதாதா? டெஸ்ட்டில் நமக்குத் தோன்றிய எண்களைத்தானே போடுவோம். எஸ்.என்.எஃப். 8.25 வருகிறது என்று வையுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் நிரல் தளமான டாட்நெட்டில் எண்ணை முழுமையாக்கும் 'மேத் ரவுண்ட்', ஒரு தசம இடம் போதும் என்று மட்டும் சொல்லிவிட்டால் அதை 8.2 ஆக்கும்; சரிபாதி வந்தால் இரட்டைப்படைப் பக்கம் சாய்வது அதன் வழக்கம். புதிதாக எழுதுகிறவர் பள்ளிக்கூடக் கணக்குப்படி 8.3 ஆக்கியிருப்பார். டாட்நெட்டுக்கும் சயின்டிஸ்ட் உண்டு, இதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எது சரி என்று அது சொல்லாது. விலைப்பட்டியல் போட்டவரிடம்தான் கேட்க வேண்டும். பழையதே இத்தனை நாளும் தப்பு என்று தெரியவந்தால்தான் சங்கடம்!

பணம் அனுப்புகிற, எஸ்.எம்.எஸ். போடுகிற ஃபங்ஷனில் மட்டும் இதை வைத்துவிடாதீர்கள். இரண்டும் ஓடும் என்றேனே, பணமும் இரண்டு தடவை போய்விடும். கணக்குப் பார்த்து விடை சொல்வதோடு நிற்கிற நிரலுக்குத்தான் இது லாயக்கு. வேலை இரட்டிப்பாவதால், முதலில் நூற்றில் ஒரு தடவை மட்டும் ஓடவிட்டு மெல்ல ஏற்றலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் வருவது நின்றதும் பழையதை எடுத்துவிடுங்கள், சயின்டிஸ்ட்டையும் சேர்த்துத்தான். விட்டுவைத்தால், அடுத்து வருகிறவருக்கு இரண்டில் எது நிஜக் கணக்கு என்று தேடுவதே வேலையாகிவிடும். நன்றி, வணக்கம்.