காணிக்கைக்குக் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அழைப்பிதழ் அச்சடிப்பதிலிருந்து நாற்காலி போடுவது வரை கூடவே நின்று பார்த்துக்கொண்ட செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அறக்கட்டளைச் சட்டங்களை எல்லோருக்கும் புரியும்படி விளக்கிய வழக்கறிஞர் அம்மா அவர்களே, கருத்து வேறுபாடு உண்டு என்று தெரிந்தும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போதகர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் வந்ததால்தான் இது வாக்குவாதமாக இல்லாமல் உரையாடலாக நடக்கிறது. அவருடைய நம்பிக்கையைப் பற்றி நான் இங்கே ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை. நம்பிக்கையின் பெயரால் கைமாறும் பணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். என்னை எந்த மேடையில் ஏற்றினாலும் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். இன்றைக்கு மூன்று விஷயங்கள்: கடைசிக் காலத் தீர்க்கதரிசனம், மதத்தின் பெயரால் நடக்கும் தர்மம், மிஷனரி ஊழியம்.

முதலில் தீர்க்கதரிசனம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்று ஒரு விவசாயி இருந்தார். 1812இல் தொடங்கிய போரில் சண்டையிட்டவர். ஊருக்குத் திரும்பி வேதாகமத்தை வரி வரியாகப் படித்தார். தானியேல் புத்தகத்தில் 2300 நாள் என்று வருகிறது. ஒரு நாள் என்றால் ஓர் ஆண்டு என்று வைத்துக்கொண்டார். கி.மு. 457இல் எண்ணத் தொடங்கினார். 2300இல் 457 போனால் 1843. சரி, இயேசு திரும்பி வருவதும் உலகத்தின் முடிவும் 1843 வாக்கில் என்று முடிவு செய்தார்.

மனிதர் பொய்யர் இல்லை, அதை அழுத்திச் சொல்கிறேன். பல ஆண்டுகள் வெளியே பேசவே தயங்கியவர். பேச ஆரம்பித்த பிறகு ஜோஷுவா ஹைம்ஸ் என்ற போதகர் வந்து சேர்ந்தார். பத்திரிகை, துண்டுப் பிரசுரம், பெரிய கூடாரம் என்று செய்தி காட்டுத் தீயாய்ப் பரவியது. பல்லாயிரம் பேர் நம்பினார்கள். 1843 போனது. 1844 மார்ச்சும் போனது. மில்லர் தம் கணக்கு தவறியதை ஒப்புக்கொண்டார். அங்கே நின்றிருக்கலாம். ஆனால் கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய ஆண்டு கிடையாது, ஆகவே ஓர் ஆண்டு கூட்ட வேண்டும் என்று ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். சாமுவேல் ஸ்நோ என்பவர் தேதியையே குறித்துக் கொடுத்தார்: 1844 அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அக்டோபர் அங்கே அறுவடைக் காலம். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்கள் உண்டு. அறுத்தால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமே! கடையை மூடியவர்கள் உண்டு. கையிலிருந்த பணத்தைப் பிரசுரம் அச்சடிக்கக் கொடுத்தவர்கள் உண்டு. அன்று வீடுகளிலும் கூடங்களிலும் கூடிப் பாடிக்கொண்டு காத்திருந்தார்கள். நள்ளிரவு கடந்தது. விடிய விடிய அழுதார்கள். மறுநாள் தெருவில் இறங்கினால், என்ன, இன்னும் மேலே போகவில்லையா என்று கேலி. வயலில் பயிர் நின்றது, எதிரே குளிர்காலம். பெரும் ஏமாற்றம் என்றே வரலாற்றில் அந்த நாளுக்குப் பெயர். மில்லர் 1849இல் இறக்கும் வரை இயேசுவின் வருகை சமீபம் என்றே நம்பினார்.

அந்த நாளையும் நாழிகையையும் யாரும் அறியார் என்று மத்தேயு 24ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறதே, ஐயா! பிறகும் ஆள் மாறுகிறது, தேதி மாறுகிறது. ஹரோல்ட் கேம்பிங் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பேச்சாளர் தம் வானொலியில் 2011 மே 21 என்றார். ஊரெங்கும் விளம்பரப் பலகைகள். தம் சேமிப்பையே எடுத்து விளம்பரம் செய்த விசுவாசிகள் உண்டு. அந்த நாள் கடந்ததும் அக்டோபர் 21 என்றார். 2012இல் தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சேமிப்பு என்ன ஆனது? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

இப்போது தர்மம். நான் இங்கே வந்ததே இதற்காகத்தான். அமெரிக்காவில் பெரும்பாலான அறநிறுவனங்கள் ஆண்டுதோறும் படிவம் 990 என்ற கணக்கை வரித்துறைக்குத் தர வேண்டும். யாரும் அதைப் பார்க்கலாம். சபைகளுக்கோ அதிலிருந்து விலக்கு. ஏன் விலக்கு? பசித்தவனுக்குச் சோறு போட்டால் போட்ட கணக்கைக் காட்டுவதில் என்ன சங்கடம்? நான் மதத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. கோயில், மசூதி, சபை, பகுத்தறிவு மன்றம், எதுவானாலும் மக்களிடம் பணம் வாங்கினால் மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும்.

கணக்கு என்றால் ரூபாய், டாலர் மட்டுமில்லை. 2010 ஜனவரி 12, ஹெய்ட்டியில் நிலநடுக்கம். அந்த மாதமே பத்து அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர்கள் 33 குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றி, உரிய ஆவணம் இல்லாமல் டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டு போகும்போது எல்லையில் பிடிபட்டார்கள். அநாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். ஆனால் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். நல்ல படிப்பு கிடைக்கும் என்ற பேச்சை நம்பிக் கொடுத்து அனுப்பியவர்கள். நான் அநாதை இல்லை, எனக்கு அம்மா அப்பா இருக்கிறார்கள் என்று ஒரு சிறுமி அழுதாள். அந்த ஊழியர்களில் கெட்ட எண்ணம் இல்லாதவர்களும் இருந்திருப்பார்கள். ஆனாலும் நல்ல எண்ணம் இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை என்ற நினைப்பு அந்தப் பேருந்தை எல்லை வரை கொண்டுபோய்விட்டது.

மிஷனரி ஊழியத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்துப் பேச மருத்துவர் ஐயா காத்திருக்கிறார். அதனால் ஒன்றே ஒன்று. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பெரிய தொண்டு நிறுவனங்களும் 1994இல் பேரிடர் நிவாரணத்துக்கு நடத்தை விதிகள் வகுத்தன. இனமோ மதமோ பார்க்காமல் உதவ வேண்டும், அரசியல் கருத்தையோ மதக் கருத்தையோ பரப்ப உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்பவை அதில் உண்டு. மதம் சார்ந்த பல நிறுவனங்களும் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. ஆகவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

வாசலில் மேஜை மேல் ஒரு மனு இருக்கிறது. அதில் இரண்டே கோரிக்கைகள். மதத்தின் பெயரால் நன்கொடை திரட்டும் ஒவ்வோர் அமைப்பும் ஆண்டுக் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும். ஜெபத்தில் உட்கார்ந்தால்தான் உதவி என்ற நிபந்தனை கூடாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பவர்கள் கையெழுத்துப் போடுங்கள். போதகர் ஐயா, உங்கள் சபையின் கணக்கோடு இந்த மனுவையும் உங்கள் கூட்டத்தில் படித்துக் காட்டினால், கேட்க நானே வருகிறேன். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.