விளிம்பில் அளந்து உள்ளே காண்பது

வணக்கம் நேயர்களே. கொட்டியாரக் குடாவை அறியாதவர் திருகோணமலையில் இல்லை. நகரத்திலிருந்து மூதூருக்குப் படகேறினால் குடாவை நேரே கடந்துவிடலாம். தரைவழியாகச் செல்பவர் கிண்ணியாவைச் சுற்றியே போகவேண்டும். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, துறையில் பாதை என்னும் மிதவைப் படகுக்காகக் காத்திருந்த பொழுதையும் பயணக் கணக்கில் சேர்த்தவர்கள் பலர் இப்போது வானொலிக்கு அருகே இருப்பீர்கள். கரையோரமாகப் போனால் ஒரு தூரம், நீரைக் குறுக்கறுத்தால் அதைவிடக் குறைந்த தூரம் என்ற அந்த அனுபவம் ஒன்றே, விளிம்பில் அளந்த தூரங்களைக் கொண்டு உள்ளே இருப்பதை அறிவதுபற்றிய இன்றைய உரையைப் பின்தொடரப் போதும். படம் எதுவும் தேவையில்லை.

குடாவின் கரை முழுவதும் ஒரே வட்ட வீதி என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்துக்குள் ஒரு பரப்பை விரிக்கவேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: கரையில் எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும், பரப்பின்மீது ஏறிக் குறுக்கே போகும் வழி, கரைவழியைவிடக் கிட்டியதாக இருக்கக்கூடாது. நீர் மட்டமாகக் கிடந்தால் படகோட்டி முந்திவிடுவார். ஆகவே பரப்பை மேலே உயர்த்தவேண்டும். அரைக்கோளமாக உயர்த்திவிட்டால், நேரெதிரே இருக்கும் இரண்டு துறைகளுக்கு இடையில், உச்சியைத் தாண்டிப் போகும் வழியும் கரையைச் சுற்றிப் போகும் வழியும் சரிசமமாகிவிடுகின்றன. குறுக்குவழி என்று ஒன்று இல்லாமற் போகிறது. அதற்கு வேண்டிய பரப்பளவு, தட்டையான வட்டத்தின் பரப்பளவைப்போல் சரியாக இரண்டு மடங்கு.

இதைவிடக் குறைந்த பரப்பளவைக் கொண்டு, அதே நிபந்தனையுடன், அந்த வட்டத்தை நிரப்பமுடியுமா? முடியாது என்று 1983ஆம் ஆண்டு மிகயில் குரோமோவ் என்ற கணித அறிஞர் ஊகித்தார். ஓரிடத்தில் புகுந்து இன்னோரிடத்தில் வெளிவரும் சுரங்கவழிகள் எதுவும் இல்லாத எளிய பரப்புகளைப் பொறுத்தவரை அவர் ஊகம் சரியென்பது, சீனக் கணித அறிஞர் பூ பாவ்மிங் 1952இலேயே நிறுவிய ஒரு சமனிலியிலிருந்து கிடைத்துவிடுகிறது. ஒரு சுரங்கவழி உள்ள பரப்புக்கு பாங்கர்ட், குரோக், இவனோவ், காட்ஸ் ஆகிய நால்வர் 2005இல் நிறுவினார்கள். எத்தனை சுரங்கங்களைக் குடைந்தாலும் அரைக்கோளத்தை வெல்லமுடியாது என்ற முழு ஊகம் இன்றுவரை நிறுவப்படவில்லை. கேட்பதற்கு இவ்வளவு எளிதான ஒரு கேள்வி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிமிர்ந்து நிற்கிறது என்பதை நான் மாணவர்களிடம் சலிக்காமல் சொல்லி வருகிறேன். கணிதத்தில் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரியவேண்டும்.

இந்த ஆராய்ச்சியின் உயிர், விளிம்பில் அளந்த தூரங்கள் உள்ளே இருப்பதைப்பற்றி எவ்வளவு சொல்லும் என்ற கேள்வியில் இருக்கிறது. அதை முதலில் கேட்டவர்கள் பூமியதிர்ச்சியை ஆராய்ந்தவர்கள். ஓர் அதிர்வு பூமியின் ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தை அடைய எடுத்த நேரத்தைக் குறித்து வைத்தால், அந்த நேரங்களை மட்டும் கொண்டு ஆழத்தில் உள்ளதை அறியலாம் என்று ஹெர்குளொட்ஸும் வீச்சர்ட்டும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டினார்கள். 2004 டிசம்பரில் நம் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையை எழுப்பிய அதிர்ச்சியும் அவ்வாறே பூமியை ஊடுருவிச் சென்று உலகெங்கும் நிலையங்களில் பதிவாகியது.

இவ்விடத்தில் இங்கெ லேமன் அம்மையாரைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்; அவரைச் சொல்லாமல் இந்தப் பொருளை என்னால் கடக்கமுடியாது. அவர் டென்மார்க்கைச் சேர்ந்தவர். 1888இல் பிறந்து 1993வரை வாழ்ந்தவர். 1929ஆம் ஆண்டு நியூசிலாந்தில் பெரிய நில அதிர்ச்சி ஒன்று நிகழ்ந்தது. பூமியின் கரு முழுவதும் திரவம் என்று எண்ணியிருந்த காலம் அது. அந்தக் கணக்கின்படி அலைகள் வந்துசேரவே கூடாத நிலையங்களில் மெல்லிய அலைகள் பதிவாகியிருந்தன. கணினி இல்லாத காலத்தில், ஓட்ஸ் மா அடைத்து வந்த அட்டைப் பெட்டிகளைத் தோட்டத்து மேசையில் பரப்பி, அதிர்ச்சிகளின் விவரங்களையும் அவை பதிவான நேரங்களையும் அட்டைகளில் எழுதி அப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார் என்று அவருடைய உறவினர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த அட்டைகளிலிருந்த நேரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கருவுக்குள் இன்னொரு கரு இருந்தாலன்றி இந்த அலைகள் இவ்வாறு திரும்பியிருக்க முடியாது என்று 1936இல் எழுதினார். அந்த உட்கருவின் ஆரை ஏறத்தாழ 1220 கிலோமீற்றர் என்று இன்று அறிகிறோம். அங்கு எவரும் போனதில்லை, போகவும் முடியாது. மேற்பரப்பில் குறித்த நேரங்கள், அட்டைப் பெட்டிகள், ஒரு பெண்ணின் பொறுமை ஆகியவையே அதைக் காட்டிக்கொடுத்தன.

ஆனால் கணிதவியலாளர் ஒரு சந்தேகத்தை விடமாட்டார். விளிம்பில் ஒரே தூரங்களைத் தரக்கூடிய இரண்டு வெவ்வேறு உட்புறங்கள் இருந்துவிட்டால் என்ன செய்வது? 2005இல் பெஸ்தோவ், உல்மன் என்ற இருவரும் நல்ல ஒழுங்குள்ள பரப்புகளில் அப்படி நேராது என்று நிறுவினார்கள். 2010இல் புராகோவும், சற்றுமுன் நான் பெயர் சொன்ன இவனோவும், சமதள வெளிக்கு மிக நெருங்கிய உட்புறங்களுக்கு, அவை எத்தனை பரிமாணம் உடையவையாயினும், அதை நிறுவினார்கள். அவர்கள் பிடித்த வழி நம்முடைய குடாவை நிரப்பிய அதே வழி. விளிம்புத் தூரங்கள் உள்ளே அடங்கும் கன அளவைத் தீர்மானித்துவிடுகின்றன. அந்தத் தூரங்களைக் குறைக்காமல் நிரப்பக்கூடிய மிகக் குறைந்த நிரப்பல் ஒன்றே ஒன்றுதான் என்று காட்டிவிட்டால், அதே தூரங்களையும் அதே கன அளவையும் கொண்ட இரண்டாவது உட்புறத்துக்கு இடமே இல்லை. எனவே குறைந்த நிரப்பலைத் தேடுவதும் விளிம்பில் நின்று உள்ளே காண்பதும் ஒரே வேலை. இதைத்தான் நான் இன்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வெளியே நின்று உள்ளே காணவேண்டிய இதே தேவை மனித மூளையிலும் எழுகிறது; இனிப் பாரிசவாதத்துக்கு, அதாவது பக்கவாதத்துக்கு, வருகிறேன். வாய் ஒருபுறம் கோணி, ஒரு கை சோர்ந்து, பேச்சுக் குழறும் நோயாளியை வெளியிலிருந்து பார்க்கும் வைத்தியரால், மூளையில் இரத்தக்குழாய் அடைபட்டதா, வெடித்துக் குருதி கசிந்ததா என்று உறுதியாகச் சொல்லமுடியாது. அடைப்பென்றால் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கலாம். கசிவென்றால் அதே மருந்து உயிருக்கு ஆபத்து. பெருங்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் என்ற நரம்பியல் வைத்தியர் கணக்கிட்டார். வெருகலிலிருந்தோ தென்னமரவடியிலிருந்தோ ஒருவரைக் கொண்டுவர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆகவே அறிகுறியைக் கண்டவுடன் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். நோய் தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.

அடைப்பா கசிவா என்பதை இன்று தீர்ப்பது சீ.ரி. ஸ்கான். புதிய குருதி அதில் வெண்மையாகத் தெரியும். 1971இல் பொறியியலாளர் ஹவுன்ஸ்பீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. அதன் கணித அடிப்படையைக் கணித அறிஞர் யோகான் ராடோன் 1917இலேயே எழுதி வைத்திருந்தார். அதுவும் விளிம்பில் அளந்து உள்ளே காண்பதே. ஆனால் அந்த இயந்திரம் பெரியது. கிராமத்துக்குத் தூக்கிச் செல்லமுடியாது. எண்ணெய் ஆய்வு நிறுவனம் ஒன்றில் பொறியியலாளராக இருந்த ஆர்ஜென்டீனரான கல்தெரோன், மேற்பரப்பில் மின்சாரத்தை அளந்து நிலத்தின் உட்புறத்தை அறியமுடியுமா என்று கேட்ட கேள்வியை 1980இல் வெளியிட்டார். அதையே இன்று தலையின்மீது கேட்கிறார்கள். குருதி மூளைத் திசுவைவிட நன்றாக மின்னைக் கடத்தும்; இரத்தோட்டம் நின்ற பகுதி குறைவாகவே கடத்தும். உல்மன் உள்ளிட்ட ஐவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, தலையோட்டுக்கு வெளியே எடுத்த மின் அளவீடுகளிலிருந்து உள்ளே உள்ள எல்லைகளைப் பிரித்தெடுக்கும் கணிதத்தைத் தருகிறது. தலையோடு மின்னை எளிதில் கடத்தாதது என்பதால் வேலை கடினமானது. ஸ்கானின் இடத்தை இது இன்னும் பிடிக்கவில்லை. இருந்தும், நோயாளி வண்டியில் வரும்போதே விடை தெரியும் நாளை நோக்கிய இந்த முயற்சியில், நம்மைப்போன்ற தூரத்து ஊர்களுக்குப் பெரிய அக்கறை இருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நேரம் நெருங்கிவிட்டது என்று நிலையத்தார் கை காட்டுகிறார்கள். நாடி வீக்கத்தை நிரப்புவதைப்பற்றிச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். மூளையில் பலூன்போல் வீங்கிய குழாய்க்குள், வெடிக்காதபடி மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள்களைச் செலுத்தும் முறையை 1990களின் தொடக்கத்தில் குய்தோ குல்யெல்மி என்ற வைத்தியர் கொண்டுவந்தார். நன்றாக நிரப்பப்பட்ட வீக்கத்திலும் கம்பி அடைப்பது பெரும்பாலும் கொள்ளளவின் கால் பங்களவே. மிகுதியை நோயாளியின் குருதியே உறைந்து அடைத்துவிடுகிறது. குறைந்த அளவு எவ்வளவு இருந்தால் சுருள் பின்னர் நெரிந்து அமுங்காது என்பதை வைத்தியர்கள் தொடர்ந்து ஆராய்கிறார்கள். அதை விரித்துச் சொல்ல இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் மகிழ்வேன். நன்றி, வணக்கம்.