மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

தலைக்குக் குளிக்கும்போது கையோடு முடி வருகிறது. தலையணையில், சட்டை முதுகில், வீடு பெருக்கும் துடைப்பத்தில் எங்கும் முடி. போன மாதம் வரை இப்படி இல்லை. இந்த நிலையில் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். தோல் மருத்துவராக இருப்பதால் அந்தப் பயத்தோடு வருகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். உதிர்ந்த முடியைக் கவரில் போட்டு எடுத்து வருகிறவர்கள் பலர். கவரை மேஜையில் வைத்துவிட்டு, "இதெல்லாம் ஒரே நாளில் விழுந்தது டாக்டர்" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிடும். கூட வந்தவர், "தலை நல்லாத்தானே இருக்கு, முடிக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்பார்.

கூட வந்தவர்களுக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். தலையில் இருக்கும் முடியில் கணிசமான பங்கு போன பிறகுதான் அடுத்தவர் கண்ணுக்கு அது தெரியும். தினமும் சீப்பு பிடிக்கிறவருக்கு அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றிய இடத்தில் இப்போது மூன்று சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது உண்மை. கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள்.

சரி, காரணத்துக்கு வருவோம். திடீரென்று முடி கொட்டுகிறது என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது எண்ணெயைப் பற்றியோ ஷாம்பூவைப் பற்றியோ இல்லை. "இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் உங்களுக்கு என்ன நடந்தது?" என்றுதான் கேட்பேன். பலர் விழிப்பார்கள். "ஒன்றும் நடக்கவில்லையே" என்பார்கள். கொஞ்சம் யோசித்த பிறகு, "ஆமாம், அப்போ ஒரு வாரம் கடுமையான காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆனால் அது எப்பவோ சரியாகிவிட்டதே" என்பார்கள். அந்தக் காய்ச்சல்தான் இப்போது தலையில் தெரிகிறது.

ஏன் இவ்வளவு தாமதம்? நம் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டு வரை வளரும். அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் அதன் அடிப்பகுதி சுருங்கும். பிறகு சுமார் 3 மாதம் வளராமல் ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். எந்த நேரத்திலும் 10ல் 9 முடி வளர்ந்துகொண்டிருக்கும், ஒன்று ஓய்வில் இருக்கும். அதனால்தான் ஆரோக்கியமான தலையிலிருந்தும் நாளுக்கு 50 முதல் 100 முடி வரை விழுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் விழாததால் நமக்கு அது தெரிவதில்லை.

உடம்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி வரும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. உயிர் காக்கும் வேலைக்குச் சக்தி தேவைப்படும் நேரத்தில் முடி வளர்ப்பது உடம்புக்கு அவசரமான வேலை இல்லை. வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பகுதி ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். போன அன்றே அவை விழுவதில்லை, ஓய்வுக் காலம் முழுவதும் தலையிலேயேதான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து, நாம் தேறி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, மொத்தமாகக் கொட்டும். 1961ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் இதை விவரித்து, டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர் வைத்தார். இந்த இடைவெளி தெரியாததால்தான் போன வாரம் மாற்றிய ஷாம்பூ மேலும், புதிதாகக் குடிபோன வீட்டுத் தண்ணீர் மேலும் பழி விழுகிறது.

டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற காய்ச்சல்கள், பெரிய அறுவை சிகிச்சை, விபத்து, அதிக ரத்த இழப்பு, கருத்தடை மாத்திரையை நிறுத்துவது எல்லாம் இதைக் கொண்டுவரும். நெருங்கியவரின் சாவு போன்ற மனத்தின் அதிர்ச்சியும் கொண்டுவரும். இன்னொரு காரணத்தைப் பலர் வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள். அது பட்டினி. இரண்டே மாதத்தில் பத்துப் பதினைந்து கிலோ குறைத்துவிட்டு, எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கும்போது முடி கொட்ட ஆரம்பிக்கும். புரதமும் கலோரியும் வெட்டுப்பட்ட உடம்புக்கு அதுவும் ஓர் அதிர்ச்சிதான். எடை குறைத்தது நல்ல விஷயமாகத் தோன்றுவதால் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. நாமாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுதலாக இருப்பதால், வழக்கமாக விழவேண்டிய முடியும் விழாமல் தலையில் தங்கிவிடும். முடி அடர்த்தியாக இருப்பதாகப் பலர் சந்தோஷப்படுவது அப்போதுதான். பிரசவம் முடிந்து ஹார்மோன் இறங்கியதும், தங்கியிருந்த அத்தனை முடியும் சேர்ந்து ஓய்வுக்குப் போகும். குழந்தைக்கு மூன்று நான்கு மாதம் ஆகும்போது கொத்துக்கொத்தாகக் கொட்டும். தூக்கமில்லாத அந்த நாட்களில் இதையும் பார்த்துப் பயந்துபோகும் தாய்மார்களிடம் நான் சொல்வது: பெரும்பாலும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் முடி பழையபடி தேறிவிடும். பால் கொடுப்பதால்தான் கொட்டுகிறது என்று யாராவது சொன்னால் அதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம். ஓராண்டு தாண்டியும் கொட்டினால், அல்லது அளவுக்கு மீறிய சோர்வு இருந்தால், தைராய்டையும் இரும்புச்சத்தையும் பார்த்துவிட வேண்டும்.

உதிர்ந்த முடியின் நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன குமிழ் இருக்கும். அதைக் காட்டி, "வேரோடு வந்துவிட்டது டாக்டர், இனி வளராதுதானே?" என்று கேட்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இந்தத் தவறான எண்ணத்தால் எத்தனை பேர் இரவில் தூங்காமல் இருக்கிறார்கள்! அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போன முடியின் கீழ்முனை அப்படித்தான் உருண்டிருக்கும். முடியை உற்பத்தி செய்யும் மயிர்க்கால் தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. பால் பல் விழுவது போலத்தான் இதுவும். பெரும்பாலான இடங்களில் அடியில் புதிய முடி ஏற்கெனவே கிளம்பியிருக்கும்.

கிளினிக்கில் ஒரு சின்னப் பரிசோதனை செய்வோம். 50 முடி போல கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் நடுவில் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை மெதுவாக உருவுவோம். ஒன்றிரண்டு வந்தால் பிரச்சினை இல்லை. உச்சி, பக்கவாட்டு, பின்தலை என்று எங்கே உருவினாலும் ஐந்தாறு வந்தால், அதுவும் வெள்ளைக் குமிழோடு வந்தால், நான் சொன்ன அந்த உதிர்வுதான் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இதில் தலை முழுக்க அடர்த்தி குறையுமே தவிர முழு வழுக்கை ஆவதில்லை. காரணம் ஒரு முறை வந்துபோன ஒன்றாக இருந்தால், மூன்று முதல் ஆறு மாதத்தில் கொட்டுவது தானாகவே அடங்கும்.

இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றால்? அப்போது மெதுவாக வேலை செய்யும் காரணங்களைத் தேட வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புக் கையிருப்பு காலியாகி இருக்கலாம். மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிற பெண்களிடம் இது சகஜம். ஃபெரிட்டின் என்ற பரிசோதனை அதைக் காட்டும். தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் முடி கொட்டும். சில மாத்திரைகளும் காரணமாகலாம். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பரின், வார்ஃபரின், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், சில ரத்த அழுத்த மாத்திரைகள் அந்தப் பட்டியலில் உண்டு. முடி போகிறதே என்று இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று இருந்தால் அவர் தருவார்.

இதுவரை சொன்னது தலை முழுக்கப் பரவலாகக் கொட்டுவதைப் பற்றி. நாணயம் அளவுக்கு வட்டமாக ஓர் இடத்தில் மட்டும் முடி போய், தோல் வழவழப்பாகத் தெரிந்தால் அது வேறு. இதைத்தான் புழுவெட்டு என்கிறோம், மருத்துவத்தில் அலோபீசியா ஏரியேட்டா. முடிவெட்டும் இடத்தில்தான் பலருக்கு முதலில் தெரியவரும். இதில் எந்தப் பூச்சியும் கடிக்கவில்லை. நம்முடைய நோய் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தவறுதலாகத் தாக்குகிறது. தொற்றாது. நூறு பேரில் இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது. ஒன்றிரண்டு சின்னத் திட்டு என்றால் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைக்கும். சீக்கிரம் முளைக்க அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசியை மிகக் கொஞ்சமாகப் போடுவோம். இந்த நோய் நரைத்த முடியை அவ்வளவாகத் தொடுவதில்லை. நரை கலந்த தலையில் கறுப்பு முடி மட்டும் வேகமாக விழுந்துவிட்டால், மிஞ்சியது வெள்ளையாகத் தெரியும். ஒரே இரவில் தலை நரைத்துவிட்டது என்று சொல்லப்படும் கதைகளுக்குப் பின்னால் இது இருக்கலாம்.

புருவம், இமை என்று உடம்பு முழுக்க முடி போய்விடும் கடுமையான நிலையும் சிலருக்கு வருகிறது. இவர்களுக்கு முன்பெல்லாம் நம்பிக்கையாகச் சொல்ல எங்களிடம் அதிகம் இருந்ததில்லை. 2022ல் பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது, அடுத்த ஆண்டு ரிட்லெசிட்டினிப் வந்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, நிறுத்தினால் திரும்ப வரவும் கூடும், ரத்தப் பரிசோதனையோடு கண்காணித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனாலும் பல ஆண்டுகள் புருவம் இல்லாமல் இருந்தவருக்குப் புருவம் முளைப்பது சாதாரண விஷயம் இல்லை.

குழந்தையின் தலையில் திட்டு இருந்து, அதில் செதிலும் அரிப்பும் முறிந்த முடியும் தெரிந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இது தொற்றும். மேலே தடவும் களிம்பு மட்டும் போதாது, மருந்து மயிர்க்கால் வரை போக உள்ளுக்கும் சாப்பிட வேண்டும்.

நான் யாரையும் காத்திருக்கச் சொல்லாத ஒரு நிலை உண்டு. முடி போன இடத்தில் எரிச்சல், வலி, சிவப்பு, சீழ் இருந்தால், அல்லது தோல் பளபளவென்று ஆகி முடி முளைக்கும் துளைகளே தெரியாமல் போனால், அந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். அங்கே மயிர்க்காலே அழிந்து தழும்பாகிக்கொண்டிருக்கலாம். அழிந்தது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். தலைமுடி உதிர்வில் அவசரம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். முடி உதிர்வோடு மூட்டு வலியும், வெயில் பட்டால் முகத்தில் தடிப்பும், விடாத காய்ச்சலும் சேர்ந்திருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

பரம்பரை வழுக்கை திடீரென்று வருவதில்லை. ஆனால் மெதுவாக நடந்துகொண்டிருந்த அதை, காய்ச்சலுக்குப் பிந்தைய உதிர்வு ஒரே மாதத்தில் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். வகிடு அகலமாகிக்கொண்டே போனால், அல்லது உச்சியில் மட்டும் முடி மெலிந்தால், அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும். அதற்குக் கொடுக்கும் மினாக்சிடில் என்ற மருந்தைத் தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கொஞ்சம் கூடுதலாகவே கொட்டும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து, முடிக்கென்று விற்கும் வைட்டமின் மாத்திரைகள். குறைபாடு இல்லாதவருக்கு அவை முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்டவைக்கும். அதிக அளவு பயோட்டின், தைராய்டு பரிசோதனை முடிவையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனை முடிவையும் தவறாகக் காட்டச் செய்யும். நீங்கள் பயோட்டின் சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும் முன் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

கொட்டும் மாதங்களை எப்படித் தாண்டுவது? பயத்தில் பலர் தலைக்குக் குளிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். குளிக்கும்போது வருவது ஏற்கெனவே பிடி விட்ட முடிதான். நான்கு நாள் குளிக்காமல் இருந்தால் நான்கு நாள் முடியும் ஐந்தாம் நாள் சேர்ந்து வரும், பார்த்தால் இன்னும் பயமாக இருக்கும். வழக்கம்போல் குளியுங்கள். இழுத்துக் கட்டாதீர்கள். உதிர்ந்ததை எண்ணுவதையும் விட்டுவிடுங்கள், எண்ணிக்கையால் வைத்தியத்தில் எதுவும் மாறப்போவதில்லை. அதற்குப் பதில் மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் வகிட்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சில மாதங்களில் நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாக முடி நிமிர்ந்து நிற்பது தெரியும். முறிந்த முடி என்று நினைத்து அதை வருத்தத்தோடு காட்டுவார்கள். பெரும்பாலும் அது புதிதாக முளைத்தது.

பலருக்கு யாரும் சொல்லாத ஒரு கணக்கும் இருக்கிறது. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். கொட்டுவது நின்ற பிறகும், தோள் வரை பழைய அடர்த்தி வர இரண்டு ஆண்டுக்கும் மேலாகலாம். இது தெரியாமல், வைத்தியம் பலிக்கவில்லை என்று மருத்துவர் மாற்றி மருத்துவர் போய் அலைகிறவர்கள் உண்டு. இடைப்பட்ட காலத்தில் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம், துணி கட்டிக்கொள்ளலாம், விக் வைத்துக்கொள்ளலாம். எதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காமல், வெளியே போகவே மனமில்லாமல் நாட்கள் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் உதவி இருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது கவரில் முடி வேண்டாம். ஒரு தாளில் கடந்த ஆறு மாதத்தை எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது காய்ச்சல், என்ன அறுவை சிகிச்சை, எந்த மாத்திரை எந்தத் தேதியில் ஆரம்பித்தது அல்லது நின்றது, எடை எவ்வளவு குறைந்தது, மாதவிடாய் எப்படி, வீட்டில் என்ன நடந்தது. கொட்ட ஆரம்பித்தது எந்த வாரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேனிங், விலை கூடிய பரிசோதனை என்று போவதற்கு முன்னால் அந்த ஒரு தாளே பாதிப் பேருக்கு மேல் எனக்கு விடை தந்துவிடும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.